எந்தப் பொகோஸ்ட்?

செவ்வாய், நியாந்தோமா

ரஷ்யாவில் அலெக்சாந்த்ரொவ்கா எங்கே இருக்கிறது என்று கேட்டால், கேட்டவரைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அந்தப் பெயரில் நூற்றுக்கு மேல் ஊர்கள் இருக்கின்றன. மிஹாய்லொவ்கா, இவானொவ்கா, பெரியோஸொவ்கா எல்லாவற்றின் கதையும் அதுதான். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கக் கிராமக் குடியிருப்புகள் ஏறக்குறைய 1,53,000. இத்தனைக்கும் பெயர் வைக்கக் கையில் இருந்த சரக்கு கொஞ்சம்தான். பண்ணையார் பெயர், தேவாலயத்துத் திருநாளின் பெயர், மரம், ஆறு. 1917க்குப் பிறகு கூடவே ‘சிவப்பு’ சேர்ந்துகொண்டது. தெற்கே புல்வெளிப் பக்கம் போனால் பண்ணையார்கள். மாஸ்கோவைச் சுற்றி பொக்ரோவ்ஸ்கோயே, த்ரோயிட்ஸ்கோயே, நிகோல்ஸ்கோயே என்று தேவாலயப் பெயர்கள். எந்தத் திசையில் போனாலும் மே தினத்தின் பெயரில் ஒரு பெர்வமாய்ஸ்கி.

நான் வந்திருப்பது வடக்கே, ஆர்க்காங்கெல்ஸ்க் மாகாணத்தின் தென்மேற்கு மூலைக்கு. இங்கே பண்ணையடிமை முறை வேர்பிடிக்கவே இல்லை. குடியானவர்கள் நேரே அரசுக்கு வரி கட்டினார்கள். ஆகவே ஊர்ப் பெயர்களில் ஜமீன் வாடை கிடையாது. காட்டை முதலில் வெட்டிக் குடிசை போட்டவன் பெயர் இருக்கும், இல்லையென்றால் நிலத்தின் கிடப்பு இருக்கும்: மேடு, நீருக்குள் நீளும் முனை, ஆற்றின் கீழ்க்கடை, எரித்த காடு.

ஆர்க்காங்கெல்ஸ்கில் மருத்துவம் படித்த காலத்தில் வார்டில் கேஸ் ஷீட் எழுதச் சொல்வார்கள். பிறந்த ஊர் என்ற இடத்தில் ஒரு பாட்டி ‘பொகோஸ்ட்’ என்பார். அடுத்த கட்டிலில் கிடப்பவரும் ‘பொகோஸ்ட்’ என்பார். நர்ஸ் நிமிராமலே, “எந்தப் பொகோஸ்ட்?” என்று கேட்பார். ஒருவர் ஏரியின் பெயரைச் சொல்வார், மற்றவர் ஆற்றின் பெயரை. இரண்டு ஊருக்கும் நடுவே பாதி மாகாணம் கிடக்கும். பொகோஸ்ட் என்பது பழங்காலத்தில் வரி வசூலிப்பவரும் வியாபாரியும் வந்து கூடிய இடம். பின்னால் அங்கே தேவாலயம் வந்தது, தேவாலயத்தை ஒட்டி இடுகாடு வந்தது. இன்று நகரத்துப் பையனிடம் சொன்னால் இடுகாட்டைச் சொல்கிறோம் என்று நினைப்பான். கிராமத்துக்காரருக்கு அது ஊர்.

மாஸ்கோவில் ஆர்க்காங்கெல்ஸ்க் ரயிலேறி ஓர் இரவு தூங்கி எழுந்தால் நியாந்தோமா. ரயில் பாதை போட்டபோது முளைத்த ஊர். பெயருக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். நியான் என்று ஒருவன் வழியோரமாகக் குடியிருந்தானாம். போகிறவர் வருகிறவரெல்லாம் அவன் இருக்கிறானா என்று கேட்க, அவன் மனைவி ‘நியான் தோமா’, நியான் வீட்டில்தான் இருக்கிறான், என்று சொல்லிச் சொல்லியே அது ஊர்ப் பெயராகிவிட்டதாம். இந்த மாதிரிக் கதைகளை நான் நம்புவதில்லை. ஆனால் சொல்கிறவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கும். ஒன்று மட்டும் உறுதி, வேறு எங்கும் இன்னொரு நியாந்தோமா இருப்பதாகக் கேள்விப்பட்டதில்லை. அந்த வகையில் கொடுத்து வைத்த ஊர்.

கார்கோபோல் பஸ் மதியத்துக்குத்தான். ஸ்டேஷன் கேன்டீனில் முட்டைக்கோஸ் பிரோக்கும் டீயும்.

புதன், கார்கோபோல்

பஸ் எண்பது கிலோமீட்டர் காட்டுக்குள்ளேயே ஓடுகிறது. திடீரென்று காடு விலகி, ஆறும் வெள்ளைக் கல் தேவாலயங்களும் வருகின்றன. வரலாற்று ஏடுகளின்படி ஊரின் வயதை 1146இலிருந்து கணக்கிடுகிறார்கள். மாஸ்கோ முதன்முதலில் ஏட்டில் பதிவாவது 1147இல். அந்த ஒரு வருட மூப்பை இவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண் சாவி கொடுப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிட்டார்.

இங்கே முதலில் தெளிய வேண்டியது ஒனேகா விவகாரம். ஊருக்கு முன்னால் ஓடும் ஆறு ஒனேகா. மேற்கே ஒனேகா என்று பெரிய ஏரி இருக்கிறது, ஐரோப்பாவிலேயே இரண்டாவது பெரியது. வடக்கே வெள்ளைக் கடலோரம் ஒனேகா என்று ஒரு நகரம். ஆறு அந்த ஏரியிலிருந்து வரவில்லை. கார்கோபோலுக்குச் சற்றுத் தெற்கே லாச்சா என்ற ஏரியில் புறப்பட்டு, அந்த நகரத்தருகே கடலில் விழுகிறது. பெயர் ஒன்றாக இருந்தும் ஏரிக்கும் ஆற்றுக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் உறவு கிடையாது.

ஆற்றங்கரையில் 1562ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்புப் பேராலயம். 1765இல் ஊரே பற்றியெரிந்தபோது சுவர் விட்டுப்போய், மூலைகளுக்குக் கொழுத்த உதைசுவர்கள் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்து மணிக்கூண்டின் உச்சிச் சிலுவை வழக்கமான திசையில் இல்லை. இரண்டாம் காத்தரீன் மகாராணி வருகிறார் என்று பீட்டர்ஸ்பர்க் சாலையைப் பார்த்துத் திருப்பி வைத்தார்களாம். மகாராணி வரவில்லை. சிலுவை அப்படியே நிற்கிறது.

அருங்காட்சியகத்தில் களிமண் பொம்மைகள்: கரடி, சீமாட்டி, பாதி மனிதன் பாதிக் குதிரையான பொல்கான். இந்தக் கலை அழிந்துபோகாமல் கொண்டுவந்து சேர்த்தவர் உல்யானா பாப்கினா என்ற கிராமத்துப் பாட்டி. அவருடைய ஊர் கிரினியோவோ. காட்சிக் காப்பாளரிடம் அங்கே போக வழி கேட்டேன். “நம்ம கிரினியோவோதானே?” என்றார். அந்த ‘நம்ம’வை இன்று பலரிடம் கேட்டுவிட்டேன். ஒரே பெயருள்ள ஊர்களைப் பிரிக்க இதைவிடச் சுருக்கமான வழி இருக்க முடியாது.

சாயங்காலம் சவுனினோவுக்குப் போனேன். ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர் நடை. 1665இல் மரத்தால் கட்டிய, கூடாரம் போல் உயரும் கூரையுள்ள தேவாலயம், அதன் மணிக்கூண்டு, சுற்றிலும் ஏழெட்டு வீடு. சாலையோரப் பலகை கிப்ரோவோ என்கிறது. புல் அறுத்துக்கொண்டிருந்தவரிடம், இது சவுனினோவா கிப்ரோவோவா என்றேன். அரிவாளைத் தரையில் ஊன்றிவிட்டு, “வீடு கிப்ரோவோவில். நான் சவுனினோக்காரன்” என்றார். பிறகு, இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போலப் புல்லுக்குத் திரும்பினார்.

ராத்திரி பதினொன்றரைக்கு ஜன்னலோரம் விளக்கில்லாமல் இதை எழுதுகிறேன். ஜூலையில் இங்கே இருட்டு என்று ஒன்று சரியாக வருவதில்லை. கொசு மட்டும் நேரம் தவறாமல் வருகிறது.

வியாழன், ஒஷெவென்ஸ்க்

கார்கோபோலிலிருந்து வடக்கே நாற்பது சொச்சம் கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லோரும் ‘ஒஷெவென்ஸ்க்’ என்றுதான் டிக்கெட் கேட்டார்கள். இறங்கியதோ ஆளுக்கொரு இடத்தில். ஏனென்றால் ஒஷெவென்ஸ்க் என்று தனியாக ஒரு கிராமம் கிடையாது. சூரியூகா ஆற்றை ஒட்டி ஷிரியாய்ஹா, பொகோஸ்ட், நீஸ், பெரிய ஹலூய், சின்ன ஹலூய் என்று கிடக்கும் சிற்றூர்களின் கூட்டுப் பெயர் அது. பஞ்சாயத்து அலுவலகம் இருப்பது ஷிரியாய்ஹாவில். தேவாலயம் இருப்பது பொகோஸ்டில். மற்றதெல்லாம் வயலும் வேலியும் வேலிக்கப்பால் இன்னொரு வயலும்.

வடக்கத்திக் கிராமங்களின் இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் பெயர்க் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். காட்டு நாட்டில் உழுவதற்கு லாயக்கான நிலம் துண்டு துண்டாகத்தான் அகப்படும். ஒரு துண்டில் நாலு வீடு, ஆற்று வளைவு தாண்டி அடுத்த துண்டில் ஆறு வீடு. எல்லோருக்கும் சேர்த்து ஒரே தேவாலயம், ஒரே இடுகாடு. கொத்துக்குள் இருப்பவர்களுக்குத் தங்களுக்குள் அடையாளம் சொன்னால் போதும். கீழ்க்கடையில் இருப்பது நீஸ், தேவாலயம் இருப்பது பொகோஸ்ட், மேட்டில் இருப்பது கொரா, முனையில் இருப்பது நாவொலொக். கொத்தை விட்டு வெளியே போகிறவன் கொத்தின் பெயரைச் சொல்வான். உள்ளூர்ப் பெயர் பக்கத்து வயல்வரை போய்த் திரும்பினால் போதும் என்று வைத்தது. அதை மாகாணம் முழுக்க, நாடு முழுக்கக் கூட்டிக்கொண்டு போனவர்கள் பட்டியல் எழுதிய குமாஸ்தாக்கள். அவர்கள் உள்ளூர்ப் பெயர்களை எல்லாம் பதிவு செய்தார்கள். கொத்துப் பெயரை விட்டுவிட்டார்கள். பொகோஸ்டும் கொராவும் வரிசையாக வந்து நிற்பது அப்படித்தான். என்னைக் கேட்டால் ஊர்க்காரர்கள் கற்பனை வறண்டவர்கள் அல்ல, கணக்கெடுத்தவர்கள்தான் பாதியோடு நிறுத்திக்கொண்டவர்கள்.

தங்கியிருப்பது பொகோஸ்டில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரின் மரவீட்டில். முன்பக்கம் குடியிருப்பு, பின்பக்கம் தொழுவமும் வைக்கோல் பரணும், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. குளிர்காலத்தில் மாட்டைப் பார்க்கப் பனியில் கால் வைக்க வேண்டியதில்லை. வைக்கோல் வண்டி நேரே பரணுக்கு ஏற மரக்கட்டையில் ஒரு சாய்தளம். இப்போது மாடு இல்லை. சாய்தளத்தில் பேரனின் மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

ஆசிரியை போன வருடம் இணையத்தில் தண்ணீர் பம்பு ஒன்று வாங்கியிருக்கிறார். அது வேறொரு மாவட்டத்துப் பொகோஸ்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்தவர்கள் நல்லவர்கள், போன் செய்து சொன்னார்கள். “அவர்களுக்கும் கிணறுதான், அவர்களுக்கும் பம்பு தேவைதான். ஆனாலும் திருப்பி அனுப்பினார்கள்” என்றார். அஞ்சலகம் மூலம் வந்தால் இந்தச் சிக்கல் வராதாம். சோவியத் ஆட்சியில் 1971இல் ஆறிலக்க அஞ்சல் எண் வந்தது. (நம் பின்கோடு அதற்கு அடுத்த வருடம், 1972 ஆகஸ்ட் 15, அதற்கும் ஆறிலக்கம்தான்.) தபால்காரப் பெண் எண்ணைத்தான் பார்க்கிறார், பெயரை அல்ல. கூரியர்காரனோ பெயரைத் தட்டி, போனில் முதலில் வருவதை அமுக்கிவிடுகிறான்.

வெள்ளி, இன்னும் ஒஷெவென்ஸ்க்

காலையில் நடமாடும் கடை வந்தது. கடையில்லாத ஊர்களுக்கு வாரத்தில் குறித்த நாட்களில் வேன் வரும். அரைமணி முன்பே கிழவிகள் வந்து மரப்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். புதிதாக வருகிறவர் ஒவ்வொருவரும் “யார் கடைசி?” என்று கேட்டுத் தன் இடத்தைத் தெரிந்துகொண்டு, பிறகு வரிசையில் நிற்காமல் நிழலுக்குப் போய்விடுகிறார். வரிசை மனசுக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஒரு அங்குலம் பிசகுவதில்லை.

வேனின் பின்கதவைத் திறந்தால் மரத் தட்டுகளில் கறுப்பு ரொட்டி, சூடு இன்னும் ஆறவில்லை. சர்க்கரை, பாஸ்தா, டப்பா மீன், பூனைத் தீனி, கொசுவர்த்தி, ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். கடைக்காரர் கையில் கட்டம் போட்ட பள்ளி நோட்டு, நூலில் கட்டிய பென்சில். கடன் கணக்கு. எட்டிப் பார்த்தேன், அவரும் மறைக்கவில்லை. குடும்பப் பெயர் எழுதுவதில்லை. பாதி ஊருக்கு ஒரே குடும்பப் பெயர். ‘நீஸ், பாலத்தடி’, ‘நீஸ், நாய்’, ‘சின்ன ஹலூய், மூக்குக்கண்ணாடி’ என்று எழுதியிருந்தார். எதிரே ரூபிள் கணக்கு. நோட்டின் தலைப்பில் ஒஷெவென்ஸ்க் என்று கொட்டை எழுத்து. கொத்துப் பெயர் மேலே, ஊர்ப் பெயர் கீழே, அதற்கும் கீழே நாய். நேற்று நான் அரைப் பக்கம் எழுதிய விஷயத்தை அவர் ஒரு வரியில் முடித்துவைத்திருந்தார்.

“நீங்கள் யாருடைய விருந்தாளி?” என்றார் ஒரு பாட்டி. டீச்சர் வீட்டில் என்றேன். “டாக்டராமே? அப்படியானால் என் முட்டியைப் பார், ராசா.” பெஞ்சிலேயே பார்த்தேன். அதற்குப் பிறகு இன்னும் மூன்று முட்டிகள் வந்தன. கூலியாக ஒரு பொட்டலம் கலீத்கி கிடைத்தது. கம்பு போலக் கறுத்த ரை மாவில் ஓரம் மடித்து, நடுவில் உருளைக்கிழங்கு மசியலை வைத்துச் சுடுவது. சூடாகத் தின்ன வேண்டும்.

மதியம் ஹலூய்க்கு நடந்தேன். பதினைந்தாம் நூற்றாண்டில் அலெக்சாந்தர் ஒஷெவென்ஸ்கி என்ற துறவி மடம் கட்ட இடம் தேடி வந்தார். ஹலூய்க்காரர்கள் இங்கே வேண்டாம் என்று விரட்டிவிட்டார்களாம். ‘தண்ணீரருகே இருப்பீர்கள், தண்ணீரில்லாமல் இருப்பீர்கள்’ என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஊருக்குச் சற்று முன்னால் போய்ப் பாருங்கள். ஹலூய் ஆறு நன்றாகத்தான் ஓடிவருகிறது. பிறகு கூழாங்கல் குழிகளில் சுழித்துச் சுழித்து உள்ளே போய்விடுகிறது. ஊர் நெடுக வெறும் கல் படுகை. ஊரைத் தாண்டிய பிறகு தரைக்கடியிலிருந்து தண்ணீர் மறுபடி வெளியே வருகிறது. அடியில் சுண்ணாம்புப் பாறை, கரைந்து பொந்து விழுந்திருக்கிறது. கார்கோபோல் தேவாலயங்களின் வெள்ளைக் கல்லும் இந்தப் பக்கத்துச் சுண்ணாம்புதான். சாபம் என்று சொல்லும்போது ஹலூய்க்காரர்கள் முகத்தில் வருத்தம் இல்லை, கொஞ்சம் பெருமைகூட. இப்படி ஓர் ஆறு வேறு யாருக்கு இருக்கிறது?

பொகோஸ்டின் தேவாலயம் 1787இல் கட்டியது, முழுக்க மரம். உள்ளே கூரையை ‘வானம்’ என்கிறார்கள். நடுவட்டத்திலிருந்து சூரியக் கதிர் போல் பலகைகள் சரிந்து இறங்குகின்றன. பலகைக்கு ஒரு தேவதூதர். ஆணி அடித்ததில்லை, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தே நிற்கின்றன. கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

இரவு ஆசிரியை பழைய கதை சொன்னார். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அதிகாரிகள் கிராமங்களை இரண்டாகப் பிரித்தார்கள். எதிர்காலம் உள்ளவை, இல்லாதவை. இல்லாதவை என்று எழுதிவிட்டால் முதலில் பள்ளி போகும், அடுத்து கடை. அதற்குப் பின் யாரும் விரட்ட வேண்டியதில்லை, சனங்கள் தாமே மூட்டை கட்டிவிடுவார்கள். 1974இல் கருமண் அல்லாத பகுதிகளை முன்னேற்றப் பெரிய தீர்மானம் வந்தபோது இது இன்னும் வேகமெடுத்தது. “வகுப்பில் இருபது பிள்ளைகள் இருந்த காலத்தில் ஒவ்வொரு வயலுக்கும் பெயர் உண்டு. இப்போது அந்தப் பெயர்கள் எனக்குத் தெரியும், என் தங்கைக்குத் தெரியும்.” நான் கணக்கெடுப்புப் பட்டியலை நினைத்துக்கொண்டேன். ஆளே இல்லாத 19,000 கிராமங்களின் பெயர்கள் அங்கே எண்ணோடு பத்திரமாக இருக்கின்றன. ஆள் நடமாடும் ஒஷெவென்ஸ்க் இல்லை.

சனி, லியாதினி

அரை நாள்தான். கார்கோபோலுக்குத் திரும்பி, மேற்கே பூதொஷ் சாலையில் போனால் வருகிறது. வரைபடத்தில் கவ்ரிலோவ்ஸ்கயா. இந்த மாகாணத்தில் ‘-ஸ்கயா’ என்று முடியும் பெயர்களைக் கண்டால் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்: முதல் குடியானவன் கவ்ரிலோவா, ஃபியோதரா, செம்யோனா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதியது. அந்த மூன்று பெயரும் வீட்டுக்கு வீடு உண்டு என்பதால் கிராமத்துக்குக் கிராமமும் உண்டு.

லியாதினிக்கு ஊர் ஊராக ஆட்கள் வந்தது அதன் மூன்று மரக் கட்டடங்களுக்காக. கோடைக்கு ஒரு தேவாலயம், குளிர்காலத்துக்கு ஒன்று, ஒரு மணிக்கூண்டு. 2013 மே 5, ஈஸ்டர் அன்று இடி விழுந்தது. 1761இல் கட்டிய கூடாரக் கூரைத் தேவாலயமும் மணிக்கூண்டும் சாம்பல். குளிர்காலத் தேவாலயம் மட்டும் தப்பியது. அதைச் சுற்றி நடந்தேன். அதிகம் எழுத ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தீப்பிடித்த இரவைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தி, வெள்ளரி வேண்டுமா என்று கேட்டார். இரண்டு வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறு, லெக்ஷ்மோசெரோ

கெனோசெரோ தேசியப் பூங்காவின் தெற்குப் பகுதி. 1991இல் அமைத்தது, 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஏரி லெக்ஷ்மோசெரோ. கரையிலுள்ள ஊரையும் எல்லோரும் லெக்ஷ்மோசெரோ என்கிறார்கள். பலகையிலுள்ள பெயர் மோர்ஷிஹின்ஸ்கயா. பூங்காவில் வழிகாட்டியாக இருக்கும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கலாம். உள்நாட்டு பாஸ்போர்ட்டில் அவருக்குப் பதிவான ஊர் மோர்ஷிஹின்ஸ்கயா. ஆர்க்காங்கெல்ஸ்கில் கல்லூரியில் படித்தபோது அதை வாயால் சொன்னதே இல்லையாம். பெயரைச் சட்டப்படி மாற்றலாமே என்றேன். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது உள்ளூரில் முடிகிற காரியமில்லை. மாகாண சட்டமன்றம், அங்கிருந்து மாஸ்கோ என்று போக வேண்டும். “எங்களுக்கு என்ன அவசரம்? பலகையை வெளியூர்க்காரர்கள்தான் படிக்கிறார்கள்” என்றார்.

இங்கிருந்து காட்டுப் பாதையில் மாசெல்காவுக்கு நடை. இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த பெயர் இது. ஒரு மேட்டு முதுகு. ஒரு பக்கம் விழும் மழை ஓடைகளாகவும் ஏரிகளாகவும் போய் வெள்ளைக் கடலில் சேர்கிறது. மறுபக்கம் விழுவது பால்டிக் கடலுக்குப் போகிறது. ரஷ்யர்கள் வருவதற்கு முன் இங்கே பேசிய ஃபின்னிய இன மொழிகளில் இப்படி நீர் பிரியும் நிலத்தைச் சொல்லும் சொல் அது. அதனால்தான் மேற்கே கரேலியாவில் மோர்ஸ்கயா மாசெல்கா என்று ஓர் ஊர், மூர்மான்ஸ்க் பாதையில் மாசெல்க்ஸ்கயா என்று ஒரு ரயில் நிலையம். இவானொவ்காக்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. எத்தனை இவான்கள், யார் கண்டது? மாசெல்காக்கள் அப்படியல்ல. ஒரு மாசெல்காவைப் பார்த்தவன் இன்னொரு மாசெல்காவின் நிலத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஒரே பெயரை நாலு இடத்தில் வைத்ததால் பெயர் வீணாகிவிட்டது என்று யாராவது சொன்னால் இங்கே அழைத்துவர வேண்டும். படகைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு நீரிலிருந்து இன்னொரு நீருக்கு மாறியவனுக்கு, எந்த மாசெல்கா என்பதைவிட மாசெல்கா என்பதுதான் செய்தி.

பக்கத்தில் ஹிஷ்கொரா குன்று. மேலே ஒரு தேவாலயம். மரப்படி ஏறி மணிக்கூண்டுக்குப் போனால் கீழே ஏரி, அதற்குப் பின் ஏரி, அதற்கும் பின் இன்னொன்று. எண்ண ஆரம்பித்தேன், கொசு விடவில்லை. இறங்கும் வழியில் சதுப்பில் மொரோஷ்கா பழம் பழுக்கத் தொடங்கியிருந்தது, மஞ்சள் நிறத்தில், ஒரு காம்புக்கு ஒரே ஒரு பழம். மாலையில் வீட்டில் ரிப்னிக்: முழு மீனை முள்ளோடு ரை மாவில் பொதிந்து சுட்டது. மேல் ஓட்டைத் திறந்து அதையே ரொட்டியாகப் பிட்டுத் தின்ன வேண்டும். முள்ளை எடுக்கத் தெரியாதவர்கள் பேசாமல் இருப்பது நல்லது.

செவ்வாய், க்ராஸ்னயா லியாகா

நேற்று முழுக்க மழை. இன்று ஒரு பழைய உவாஸ் வேன் பிடித்தேன். கடைசித் தூரம் வேனுக்கும் ஆகாது என்று ஓட்டுநர் நிறுத்திவிட்டார். ரப்பர் பூட்ஸோடு நடை. போகும்போதே அவர் கேட்டார்: “அங்கே யாரைப் பார்க்கப் போகிறாய்? ஊரே இல்லையே.”

உண்மைதான். 1655இல் கட்டிய மரத் தேவாலயம் நிற்கிறது, இந்த வட்டாரத்தில் நிற்பவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று. ஊர் இல்லை. வீடிருந்த இடங்களைப் புல்லை வைத்துக் கண்டுபிடிக்கலாம். மனிதர் வாழ்ந்த மண்ணில் தொட்டாலே கொப்புளிக்கும் காஞ்சொறி வகைச் செடி ஆளுயரம் வளரும். சதுரம் சதுரமாக அந்தப் புதர்கள் நிற்கின்றன. சுவர்க் கட்டைகள் ஒவ்வொன்றும் என் இடுப்பளவு. மூலையில் ஒன்றையொன்று கவ்வும் வெட்டில் கோடரித் தடம் தெளிவாகத் தெரிகிறது, ரம்பம் தொட்டதில்லை. கையை வைத்துப் பார்த்தேன். நாலு விரல் அகல வெட்டு, ஒரே வீச்சில் இறங்கியது.

‘க்ராஸ்னயா’ என்றால் இன்றைக்குச் சிவப்பு; அன்றைக்கு அழகு. லியாகா என்றால் தண்ணீர் தேங்கும் பள்ளம். புரட்சிக்கு முந்தைய பெயர் என்பதால் அதன் சிவப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் ஓட்டுநர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் தாத்தா கூட்டுப்பண்ணைத் தலைவராக இருந்தவராம். க்ராஸ்னயா என்று ஆரம்பிக்கும் பெயரெல்லாம் கட்சி வைத்தது என்று சாதித்தார். தேவாலயத்தின் வயதைச் சொன்னேன். “தேவாலயம் பழசு, பெயர் புதுசு” என்றார். கார்கோபோல் வரும்வரை இந்த வழக்கு நடந்தது, தீர்ப்பாகவில்லை. வாடகையில் மட்டும் நூறு ரூபிள் குறைத்துக்கொண்டார்.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். 2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு ரஷ்யாவில் வேலை செய்யாது; ரூபிளாகவே கையில் வைத்துக்கொள்ளுங்கள். தனியார் வீட்டில் தங்கினால் ஏழு வேலை நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு முடித்தாக வேண்டும், வீட்டுக்காரரிடம் முதல் நாளே பேசிவிடுவது நல்லது. பூங்காவுக்குள் போக அனுமதிச் சீட்டு உண்டு. பஸ்ஸில் லெக்ஷ்மோசெரோ என்று கேளுங்கள், பதிவுப் படிவத்தில் மோர்ஷிஹின்ஸ்கயா என்று எழுதுங்கள். டாக்ஸிக்காரரிடம் வெறும் பொகோஸ்ட் என்று சொல்லாதீர்கள். ஆற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள், முடிந்தால் வீட்டுக்காரரின் நாயையும்.